மலை மயில்கோழிய பாக்கப் போறீங்களா? சிங்கப்பூர்லேர்ந்து முதல் தடவ கிளம்புறவங்களுக்கு

மார்ச் லீவுல மலேசியாவுல இருக்குற ஃப்ரேசர்ஸ் ஹில் மலைக்குப் போறோம், அந்த மயில் மாதிரி இருக்குற காட்டுக்கோழிய பாக்கணும், எப்படிப் பாக்குறதுன்னு இந்த வருஷம் மட்டும் நாலு பேரு கேட்டுட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்ல கொஞ்சம் கொஞ்சமா சொன்னதுல பாதி விட்டுப்போச்சு, அதான் முழுசா ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன். நான் இந்தப் பறவைய நாலாவது பயணத்துலதான் பாத்தேன். முதல் மூணு தடவ பாக்காததுக்கு என்ன காரணம்னு இப்ப நல்லா தெரியுது, நீங்களும் அதையே செஞ்சு பணத்தையும் லீவையும் வீணாக்க வேணாம்.

ஒண்ணே ஒண்ண இப்பவே மனசுல போட்டுக்குங்க. இது நடந்து நடந்து தேடுற பறவை இல்ல. நாம ஒரு இடத்துல அசையாம உக்காந்திருக்கணும், அது தன் பாட்டுக்கு நடந்து வரணும். கீழ நான் சொல்லப்போற எல்லாமே, என்ன வாங்குறது எங்க தங்குறது எத்தன மணிக்கு எழுந்திரிக்கிறது எல்லாமே, இந்த உக்கார்ற வேலைக்காகத்தான்.

முதல்ல ஆள் யாருன்னு தெரிஞ்சுக்குங்க

இங்கிலீஷ்ல மவுன்டன் பீகாக் ஃபெசன்ட்னு சொல்வாங்க. தமிழ்ல பேரு இருக்குற மாதிரி தெரியல, எங்க வீட்ல மலை மயில்கோழின்னே சொல்லிப் பழகிட்டோம், அந்தப் பேரு பொருந்தியும் போகுது. மயிலும் கோழியும் ஒரே குடும்பம்தான், முருகனுக்கு வாகனமா ஒண்ணு கொடியில ஒண்ணு நிக்குதே, அந்த ரெண்டுக்கும் இது சொந்தம். மலேசியத் தீபகற்பத்தோட நடுவுல ஓடுற மலைத்தொடர விட்டா உலகத்துல வேற எங்கயும் காட்டுல கிடையாது. இந்தப் பறவைய அறிவியல் உலகத்துக்கு விவரிச்சு எழுதினவரு வால்டர் ராத்ஸ்சைல்ட், 1903ல. அதோட லத்தீன் பேருல வர்ற இனோபினாட்டம்ங்கற வார்த்தைக்கு எதிர்பாக்காததுன்னு அர்த்தம். பாத்தவங்களுக்குத் தெரியும் அது எவ்வளவு சரியான பேருன்னு.

ஏறக்குறைய 800 மீட்டருக்கு மேலதான் இருக்கும். நம்ம புக்கிட் தீமா குன்று 163 மீட்டர், அத அஞ்சு தடவ ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனாத்தான் இது இறங்கி வர்ற கீழ்மட்டமே வரும். செங்குத்தான சரிவு, மலை முகடு, பாறை துருத்திட்டு நிக்குற இடம், கொடி மூங்கிலும் பிரம்பும் பின்னிக் கிடக்குற புதர், இதெல்லாம்தான் அதுக்குப் பிடிச்ச வீடு. கீழ விழுந்த பழம், வண்டு, எறும்பு இதுதான் சாப்பாடு.

மயில்னு பேருல இருக்கேன்னு பெரிய தோகைய எதிர்பாக்காதீங்க. ஆண் வாலோட சேத்து 65 செ.மீ. வரைக்கும் வரும், பெட்டை அதவிட நல்லாவே சின்னது. தூரத்துல பாத்தா வெறும் கரும்பழுப்பு, தலை மட்டும் சாம்பல். கிட்டக்க பாத்தாத்தான் முதுகு முழுக்க ஊசிமுனையால நீலப்புள்ளி வச்ச மாதிரி இருக்குறது தெரியும், வால்ல பச்சையா மினுக்குற கண் கண்ணா இருக்கும். பெட்டைக்கு இதெல்லாம் மங்கலா இருக்கும், நிழல்ல நின்னா காஞ்ச இலையோட இலையா போயிடும்.

ஒரு குழப்பம் புதுசா வர்றவங்களுக்கு அடிக்கடி வரும். தாமான் நெகாரா தேசியப் பூங்காவுல இருக்குற மலாயன் பீகாக் ஃபெசன்ட் வேற, அது கீழ்நிலக் காட்டுப் பறவை, வெளிர் நிறம், ஆணுக்கு உச்சியில கொண்டை இருக்கும், முதுகுல கண்ணும் பெருசு. நம்ம மலைக்காரருக்கு கொண்டை கிடையாது. ஏறி வந்த உயரத்த வச்சே பாதி குழப்பம் தீந்துடும்.

கிளம்புறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, இங்கயே

இந்தப் பகுதிய தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க, நான் தாண்டினதாலதான் மூணு பயணம் வெறுங்கையோட வந்தேன். சிங்கப்பூர்ல நம்ம உடம்பு ஓடிட்டே இருக்குறதுக்குப் பழகிப்போச்சு, எம்ஆர்டி ரயில் வர ரெண்டு நிமிஷம் ஆனாலே கை தானா போன எடுக்குது. அப்படிப்பட்ட உடம்ப நேரா மலைக்குக் கூட்டிட்டுப் போயி ரெண்டு மணி நேரம் அசையாதன்னா அது எப்படிக் கேக்கும்.

அதனால சனி ஞாயிறு காலையில ஏழு மணிக்கு வின்ட்சர் நேச்சர் பார்க் இல்ல டெய்ரி ஃபார்ம் பக்கம் போங்க, பாதைய விட்டு இறங்காம ஓரமா ஒரு இடம் பாத்து உக்காருங்க, போன ஏரோபிளேன் மோட்ல போட்டு பைக்குள்ள வச்சிடுங்க. முதல் நாள் 15 நிமிஷம் போதும். அடுத்த வாரம் அரை மணி. அதுக்கப்புறம் முக்கா மணி. முதல் பத்து நிமிஷம் காடு காலியா இருக்குற மாதிரியே தோணும், நீங்க வந்து உக்காந்தத எல்லாம் பாத்துட்டு ஒதுங்கி நிக்குதுங்க, அப்புறம்தான் ஒண்ணொண்ணா வேலைய ஆரம்பிக்கும். அணில் எப்படி இலைய சலசலக்க வைக்கும், மரகதப்புறா நடந்தா எப்படி கேக்கும், ஓணான் ஓடுனா எப்படின்னு காது பிரிச்சுப் பாக்கப் பழகும். அக்டோபர் நவம்பர்ல வலசை வர்ற பிட்டாங்கற பறவை தரையில தத்தித் தத்திப் போறத ஒரு தடவ உக்காந்தே பாத்துட்டீங்கன்னா நீங்க பாதி தயார்.

என் அக்கா மகன், 13 வயசு, முதல் வாரம் ஆறு நிமிஷத்துல எழுந்துட்டான். திட்டல, ஒண்ணும் சொல்லல. நாலாவது வாரம் 40 நிமிஷம் உக்காந்தான், அவன் ஷூவுக்கு ஒரு கை தூரத்துல பாப்ளர் குருவி ஒண்ணு வந்து இலைய புரட்டிட்டுப் போச்சு, மூச்சே விடல பையன். அன்னையிலேர்ந்து அவனே காலையில என்னைய எழுப்புறான்.

பூலாவ் ஊபின் தீவுக்குப் போயி காட்டுக்கோழிகளையும் ஒரு நாள் நல்லா கவனிங்க. காதுகிட்ட வெள்ளைத் திட்டு, சாம்பல் நிறக் கால், இது ரெண்டும் அசல் காட்டுக்கோழிக்கு அடையாளம். எதுக்கு இதச் சொல்றேன்னா, கோழி இனம் எல்லாத்துக்கும் நடை ஒரே தினுசு. ரெண்டு அடி வைக்கும், நிக்கும், தலைய சாய்ச்சுப் பாக்கும், காலால கிளறும், ஒரு அடி பின்னால போயி கிளறுன எடத்தப் பாக்கும். அந்த நடையோட தாளம் காதுல ஏறிட்டா மலையில கண்ணுக்குத் தெரியிறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிடும்.

என்ன எடுத்துட்டுப் போகணும்

பைனாகுலர் 8க்கு 42 வாங்குங்க, இல்லன்னா யார்கிட்டயாவது கடன் கேளுங்க. கச்சேரி பாக்குற மாதிரி குட்டியா 10க்கு 25னு ஒண்ணு விப்பாங்க, அது வேணாம். காரணம் சொல்றேன், ரெண்டாவது எண்ண முதல் எண்ணால வகுத்துப் பாருங்க, 42க்கு 5 மில்லிமீட்டருக்கு மேல வெளிச்ச வட்டம் கண்ணுக்குள்ள வரும், 25க்கு ரெண்டரைதான். மலைக்காட்டுத் தரை காலை எட்டு மணிக்கும் சாயங்கால இருட்டு மாதிரிதான் இருக்கும், அங்க அந்த ரெண்டரை பத்தாது. கேமரா இருந்தா சைலன்ட் ஷட்டர்ல போடுங்க, ஐஎஸ்ஓவ 3200, 6400னு ஏத்துறதுக்கு பயப்படாதீங்க, ஃப்ளாஷ் கூடவே கூடாது.

சட்டை பேன்ட் மங்கலான பச்சை, பழுப்பு, சாம்பல். துணி எப்படி சத்தம் போடுதுன்னு கட்டாயம் பாருங்க, நிறத்தவிட இதுதான் முக்கியம். ரெண்டாவது பயணத்துல நான் புதுசா ஒரு மழைக்கோட்டு போட்டுட்டுப் போனேன், கைய லேசா தூக்குனாக்கூட பிளாஸ்டிக் பை கசக்குற சத்தம். சரிவுல நிதானமா ரெண்டு அடி, நிறுத்தம், ரெண்டு அடின்னு நடை கேட்டுச்சு, பைனாகுலர தூக்குனேன், கோட்டு சரசரன்னுச்சு, அவ்வளவுதான், அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் ஒண்ணும் இல்ல. அதுதான் வந்துச்சா இல்லையான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. வீட்லயே போட்டுப் பாத்து, காதுகிட்ட கைய கசக்கிப் பாத்து வாங்குங்க.

அப்புறம் ரத்தம் குடிக்கிற அட்டைப்பூச்சி. மழை பேஞ்ச மறுநாள் நிறையவே இருக்கும். முழங்கால் வரைக்கும் வர்ற அட்டை சாக்ஸ் ஆன்லைன்ல கிடைக்குது, வாங்கிக்குங்க. கடிச்சிட்டா பதறி இழுக்காதீங்க, வாய் இருக்குற பக்கமா நகத்த வச்சு தள்ளி எடுத்துட்டு பிளாஸ்டர் போட்டா போதும், ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயப்படுற விஷயம் இல்ல. உக்கார்றதுக்கு மடிக்கிற ஃபோம் பாய், சின்னதா ஒரு தண்ணி பாட்டில், ஒரு மெல்லிய ஸ்வெட்டர். ராத்திரியில நல்லா குளிரும், சிங்கப்பூர் உடம்புக்கு அது தாங்காது.

போற வழி

மலை மயில்கோழி கேமரன் மலையிலயும் இருக்கு, கெந்திங் பக்கமும் இருக்கு, ஆனா புதுசா போறவங்களுக்கு நான் ஃப்ரேசர்ஸ் ஹில்தான் சொல்வேன். பஹாங் மாநிலம், 1200 மீட்டருக்கு மேல, சின்ன ஊர், நடுவுல ஒரு மணிக்கூண்டு, சுத்தி காடு. பறவை பாக்குறவங்களுக்குன்னு 1988லேர்ந்து அங்க போட்டியே நடத்தியிருக்காங்க, அதனால விடியகாலையில பைனாகுலரோட போனா அங்க யாரும் வித்தியாசமா பாக்க மாட்டாங்க.

சொந்த கார்ல போறவங்க, சிங்கப்பூர் வண்டிக்கு விஇபி, அதாவது மலேசியாவுக்குள்ள வண்டி நுழையுற அனுமதி, கட்டாயம், அது இல்லாம போயி மாட்டிக்காதீங்க. இங்கேர்ந்து கிளம்புறப்ப டாங்க்ல முக்கால் இருக்கணும்னு எல்லாருக்கும் தெரியும், அங்க போயி ரான் 95 பெட்ரோல் போடக்கூடாதுங்கறது சில பேருக்குத் தெரியல, வெளிநாட்டு வண்டிக்கு 97தான். டோல் கட்டுறதுக்கு டச் அன்ட் கோ கார்டுல காசு போட்டு வச்சிக்குங்க. சிங்கப்பூர் குடிமக்களுக்கு மலேசியாவோட டிஜிட்டல் வருகை அட்டை வேணாம், பிஆரும் (நிரந்தரவாசிங்க) வேலை பாஸ்ல இருக்குறவங்களும் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி மூணு நாளைக்குள்ள அத நிரப்பிடணும், பாஸ்போர்ட் ஆறு மாசம் செல்லுபடியா இருக்கான்னும் பாத்துக்குங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்லண்ட்ஸ் எல்லைச்சாவடி பக்கமே போகாதீங்க, துவாஸ் வழியா விடியறதுக்கு முன்னாடி தாண்டிடுங்க.

கேஎல் (கோலாலம்பூர்) வரைக்கும் 350 கிலோமீட்டர் சொச்சம், அங்கேர்ந்து ரவாங், கோல குபு பாரு வழியா மேல ஏறணும், அது ஒரு 100 கிலோமீட்டர். கோல குபு பாருவுல நிறுத்தி பெட்ரோல் போட்டுடுங்க, மேல பெட்ரோல் ஸ்டேஷன் கிடையாது. அங்கயே நம்மாளுங்க கடையில தோசையும் தே தாரிக் டீயும் சாப்ட்டுட்டு, மறுநாள் காலைக்கு ரொட்டி, பழம், பிஸ்கட் வாங்கி வச்சுக்குங்க, விடியகாலை நீங்க கிளம்புற நேரத்துக்கு மேல எந்தக் கடையும் திறந்திருக்காது. கேப்ங்கற இடத்துலேர்ந்து மேல ஏறுற ரோடு ரொம்ப குறுகல், மண்சரிவு வந்து மூடுறதும் உண்டு, எந்த ரோடு திறந்திருக்கு, ஒருவழியா விடுறாங்கன்னா எத்தன மணிக்கு விடுறாங்கன்னு கிளம்புறதுக்கு முதல் நாள் தங்குற இடத்துக்கு போன் போட்டு கேளுங்க. ரெண்டு வருஷம் பழைய வீடியோவ பாத்து நம்பிப் போகாதீங்க.

நவம்பர் டிசம்பர் பெருமழைய விட்டுடுங்க. மலேசியா பள்ளி லீவு, நீண்ட வார இறுதி இதெல்லாமும் வேணாம், கூட்டமும் சத்தமும் தாங்காது. முடிஞ்சா செவ்வாய் புதன் வியாழன். குறைஞ்சது மூணு காலைப்பொழுது கையில இருக்கணும், ஒரே ஒரு ராத்திரி தங்கிட்டு பாக்கலியேன்னா அது பறவையோட தப்பு இல்ல.

முதல் நாள் சாயங்காலம்

போனவுடனே பறவைய தேடாதீங்க, இடத்தத் தேடுங்க. ஹெமன்ட் ட்ரெயில், பிஷப்ஸ் ட்ரெயில் மாதிரி காட்டுக்குள்ள போற பாதைகள்ல எது திறந்திருக்குன்னு கேட்டுட்டு மெதுவா ஒரு தடவ நடங்க. உள்ளூர் வழிகாட்டி கிடைச்சா முதல் நாள் அவர் கூடப் போறது நல்லது, அவங்க கண்ணும் காதும் நமக்கு வர பத்து வருஷம் ஆகும்.

எந்த மாதிரி இடம்னா, பாதை ஒரு முகட்ட ஒட்டிப் போகணும், ஒரு பக்கம் சரிவுல மூங்கிலோ பிரம்போ அடர்த்தியா இருக்கணும், ஆனா உங்களுக்கு நேரா ஒரு நாலஞ்சு மீட்டராவது தரை கண்ணுக்குத் தெரியணும். முழுக்க அடர்த்தியா இருந்தா அது பக்கத்துல வந்தாலும் பாக்க முடியாது. தரையில இலை புரட்டிப் போட்டு ஈரமண்ணு தெரியிதா பாருங்க, பழம் உதிர்ந்து கிடக்குற மரம் இருந்தா இன்னும் நல்லது. முதுகுக்குப் பின்னாடி ஒரு பெரிய மரமோ பாறையோ இருக்கணும், நம்ம உருவம் வானத்துல வெட்டித் தெரியக்கூடாது. இப்படி ரெண்டு இடம் பாத்து வச்சுக்குங்க, மறுநாள் ஒண்ணுல வேற யாராவது உக்காந்திருக்கலாம்.

காலையில

அங்க ஏழே காலுக்கு மேலதான் வெளிச்சம் வரும், நீங்க ஆறே முக்காலுக்கே இடத்துல இருக்கணும். டார்ச்ச கீழ பாத்து அடிச்சு, மெதுவா நடந்து, உக்காந்து, அணைச்சிடுங்க. தைலம், சென்ட் எதுவும் போடாதீங்க, இது என் தனிப்பட்ட பழக்கம், பக்கத்துல உக்கார்றவங்களுக்காவது நிம்மதி. பைனாகுலர் கழுத்துல தொங்கக்கூடாது, நெஞ்சு உயரத்துல கையில பிடிச்சே இருக்கணும், தூக்க வேண்டிய தூரம் ஒரு சாண் மட்டும்தான் மிச்சம் இருக்கணும்.

சியாமாங் குரங்குங்க கத்துறது மலையையே அதிர வைக்கும், முதல் தடவ கேக்குறவங்களுக்கு உடம்பு சிலிர்க்கும், கேட்டு ரசிங்க ஆனா எழுந்திரிக்காதீங்க. சிரிப்பான் பறவைங்க கூட்டமா வந்து இலைய அள்ளி வீசும், ஒரே ரகளையா இருக்கும், அது இல்ல. மரமூஞ்சூறு விறுவிறுன்னு ஓடும், அதுவும் இல்ல. கௌதாரி இனம் ஜோடியாவோ கூட்டமாவோ வரும், வால் குட்டை. நம்ம ஆளு பெரும்பாலும் தனியா, நிதானமா, ரெண்டு அடி நிறுத்தம், ரெண்டு அடி நிறுத்தம். குரல் கொடுத்தா கோழி கரகரப்பா கொக்கரிக்கிற மாதிரி சத்தமா ஒண்ணு ரெண்டு தடவ வரும், ஆனா பெரும்பாலும் பேசாமதான் வரும்.

நான் பாத்தது மூணாவது நாள், மணி எட்டு அம்பது இருக்கும். கால் மரத்துப்போயி இன்னும் அஞ்சு நிமிஷத்துல எழுந்துடலாம்னு நினைச்சிட்டிருந்தேன். இடது பக்கம் பிரம்புக்கு அடியில ஒரு இலை மட்டும் அசைஞ்சுது. காத்து இல்ல. அப்புறம் ஒரு கால் தெரிஞ்சுது, கால் மட்டும், தூக்கினது தூக்கினபடியே விரல மடக்கிட்டு நிக்குது, கீழ வைக்கவே இல்ல. குதிகாலுக்கு மேல முள்ளு ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு இருந்துச்சு, அது இந்த இனத்து ஆணுக்கே உள்ள அடையாளம். எவ்வளவு நேரம்னு சொல்லத் தெரியல. அப்புறம் கால வச்சுது, முழு உடம்பும் வெளிய வந்துச்சு, அந்த நேரத்துல மேலேர்ந்து ஒரு துண்டு வெயில் முதுகுல விழுந்துச்சு பாருங்க, பழுப்பா இருந்த முதுகு பூரா நீலப்பொட்டு பொட்டா எரிஞ்சுது. வாலத் தரையில படாம கொஞ்சம் தூக்கிப் பிடிச்சிருந்துச்சு. ஒரு வண்ட எடுத்து முழுங்கிட்டு என் பக்கம் தலைய திருப்பிப் பாத்துச்சு, ஓடல, பறக்கல, அப்படியே ஒரு அடி பின்னாடி வச்சு பிரம்புக்குள்ள போயிடுச்சு. மொத்தமே எட்டு பத்து செகண்டுதான். கேமரா மடியிலயே இருந்துச்சு, எடுக்கணும்னு தோணவே இல்ல.

வந்துச்சுன்னா நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான், ஒண்ணும் செய்யாதீங்க. அது தலைய கீழ குனிஞ்சு கிளறுறப்ப மட்டும் பைனாகுலர தூக்குங்க, நிமிந்து பாக்குறப்ப அப்படியே நில்லுங்க. போனதுக்கப்புறமும் பின்னாடியே போகாதீங்க, இன்னும் அரை மணி உக்காருங்க, அதே வழியா திரும்ப வர்றதும் உண்டு.

செய்யக்கூடாதது

போன்ல குரல போட்டு கூப்புடாதீங்க. தன் எல்லைக்குள்ள வேற ஆண் வந்துட்டான்னு நினைச்சு அது தீனிய விட்டுட்டு அலையும், தினமும் ஒரு குழு வந்து இப்படிப் போட்டா அந்தப் பறவை என்ன ஆகும்னு யோசிங்க. முன்னாடியே வீட்ல கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு வாங்க, காட்டுல போடாதீங்க.

புழு போட்டு பழக்கி படம் எடுக்க வைக்கிற இடங்கள் மலேசியாவுல உண்டு. சிங்கப்பூர்ல காட்டு விலங்குக்கு தீனி போட 2020லேர்ந்து எங்கயும் சட்டப்படி அனுமதி இல்ல, அங்க நிலைமை வேற. முட்டிவலியோட வர்ற பெரியவங்க, நடக்கவே முடியாதவங்க அப்படி ஒரு இடத்துல பாத்து சந்தோஷப்படுறத நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா என் மனசுக்கு ஒத்துக்கல. அந்தக் காடுகள்ல கண்ணி வைக்கிறவங்க இருக்காங்க, மனுஷ வாசனை வந்தா சாப்பாடுன்னு ஒரு பறவைக்கு கத்துக்கொடுத்துட்டு நாம ஊருக்கு வந்துடுறோம், அது அங்கயே இருக்குது. உலகப் பட்டியல்ல ஏற்கெனவே அழியும் அபாயத்துல இருக்குற இனம்னு போட்டிருக்காங்க, இருக்குற மலைக்காடும் ரோடு, கட்டடம்னு துண்டு துண்டா ஆகுது, ஒரு ஈட்டுக்கு ரெண்டு முட்டைக்கு மேல போடுறதும் இல்ல. ஒண்ணு போச்சுன்னா சீக்கிரம் ஈடாகாது.

பாத்துட்டீங்கன்னா அன்னிக்கே நோட்டுல எழுதுங்க, தேதி, நேரம், உயரம், ஆணா பெட்டையா, என்ன செஞ்சுட்டிருந்துச்சு. இபேர்டுங்கற பறவைப் பதிவு இணையதளத்துல போடுறவங்க ஃப்ரேசர்ஸ் ஹில்னு பொதுவா போடுங்க, ட்ரெயில்ல எத்தனாவது வளைவு, எந்த மரம்னு எழுதாதீங்க, குரூப்ல லொக்கேஷன் பின் அனுப்பாதீங்க. படம் போட்டா போன் தானா இடத்தயும் சேத்து அனுப்புதான்னு செட்டிங்ல பாத்துக்குங்க. பாக்கலன்னாலும் எழுதுங்க, எத்தன மணி நேரம் எங்க உக்காந்து வரலைங்கறது அடுத்த தடவ நீங்க இடம் தேடுறப்ப உதவும், என்னோட நாலாவது இடம் அப்படித்தான் கிடைச்சுது.

கார்ல ஏறுறதுக்கு முன்னாடி சாக்ஸ் மடிப்பு, பெல்ட்டுக்கு உள்ள, சட்டைக் காலர் மூணு இடத்துலயும் அட்டை இருக்கான்னு பாத்துடுங்க. பூட்ஸ்ல ஒட்டின மண்ண அங்கயே தட்டிட்டு வாங்க, வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கம் பிரஷ் போட்டு கழுவி காய வச்சிடுங்க, அடுத்த சனிக்கிழமை வின்ட்சருக்கு அதே பூட்ஸ்லதான் போவீங்க.